தோட்டத்து ஊரில் இருந்துகொண்டே கடினமான முக்குளிப்புப் பயிற்சிக்குத் தயாராவது எப்படி?

முதல் சான்றிதழ் கையில் இருக்கிறது. மலேசியக் கிழக்குக் கரைத் தீவுகளான பெர்ஹெந்தியானிலோ தியோமானிலோ ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்க வகுப்பை முடித்துவிட்டீர்கள். 18 மீட்டர் வரை இறங்கலாம். அடுத்து என்ன என்று கேட்டால், "அட்வான்ஸ்ட் எடு, 30 மீட்டர் போகலாம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். நான் வேறு ஒன்றைச் சொல்வேன். ஆழத்தைக் கூட்டுவதற்கு முன், இருக்கிற ஆழத்தில் அசையாமல் நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கென்றே உள்ள பயிற்சிகளில் மிகவும் கறாரானவற்றில் ஒன்று ஜி.யு.ஈ. (குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ்) என்னும் முக்குளிப்பு அமைப்பின் ஃபண்டமென்டல்ஸ். இந்தக் கட்டுரை அதை மனத்தில் வைத்து எழுதியது.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு தயக்கம் உண்டு. சுற்றிலும் செம்பனையும் ரப்பர் மரமும்தான். பவளப்பாறை உள்ள கடலுக்குப் போக மலை தாண்ட வேண்டும். கடலோரத்தில் இருப்பவர்களோடு நாம் எப்படிப் போட்டி போடுவது என்று நினைக்கிறார்கள். இந்தப் பயிற்சிக்கு வேண்டிய தயாரிப்பில் பெரும்பகுதியை வீட்டிலும் ஒரு சாதாரண நீச்சல் குளத்திலும் செய்துவிடலாம். வாரம் இரண்டு முறை குளத்துக்குப் போகிறவர், மாதம் ஒரு முறை கடலுக்குப் போய் ஆமை பார்த்துத் திரும்புகிறவரை விட நன்றாகத் தயாராகியிருப்பார்.

வகுப்பில் என்ன கேட்பார்கள்

ஜி.யு.ஈ. அமைப்பை 1998-இல் ஜாரட் ஜப்லோன்ஸ்கி தொடங்கினார். அதன் வேர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நடந்த குகை முக்குளிப்பில் இருக்கிறது. நீருக்கடியில் உள்ள குகையின் தரையில் நுண்ணிய வண்டல் படிந்திருக்கும். ஒரே ஒருவர் காலைத் தவறாக உதைத்தால் போதும், வண்டல் கிளம்பி வெளியேறும் வழி மறைந்துவிடும். ஆகவே உடம்பைக் கிடையாக வைத்திருப்பதும், ஆழம் மாறாமல் நிற்பதும், உடன் முக்குளிக்கும் துணைவரை எப்போதும் பார்வையில் வைத்திருப்பதும் அங்கே உயிர்ப் பிரச்சினை. அந்த ஒழுக்கத்தைப் பவளப்பாறை பார்க்கப் போகும் சாதாரண முக்குளிப்பாளருக்கும் சொல்லிக்கொடுப்பதுதான் ஃபண்டமென்டல்ஸ்.

வகுப்பு சில நாள்கள் நடக்கும். பாடம், தரையில் ஒத்திகை, நீரில் பயிற்சி, பிறகு வீடியோ. ஆம், நீரில் நீங்கள் செய்வதைப் படம் எடுத்து உட்கார வைத்துக் காட்டுவார்கள். நீங்கள் கிடையாக இருந்ததாக நினைத்திருப்பீர்கள். படத்தில் கால் தொங்கிக்கொண்டிருக்கும். இதைவிட நேர்மையான ஆசிரியர் கிடையாது. அடிப்படைத் தேர்வு ஐந்து செயல்கள்: டேங்கின் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டரை வாயிலிருந்து எடுத்துத் திரும்ப வைப்பது, மாற்று ரெகுலேட்டருக்கு மாறுவது, காற்று தீர்ந்த துணைவருக்குக் கொடுப்பதுபோல நீளக் குழாயை நீட்டிக் காட்டுவது, மாஸ்கில் நீர் விட்டு வெளியேற்றுவது, மாஸ்கை முழுதாகக் கழற்றி மாட்டுவது. படிக்கும்போது ஓப்பன் வாட்டரில் செய்ததுதானே என்று தோன்றும். அங்கே மண்டியிட்டுச் செய்தீர்கள். இங்கே தரையைத் தொடாமல், நடுநீரில் படுத்த வாக்கில் செய்ய வேண்டும். பொழுதுபோக்குத் தரத்தில் தேற, ஆழம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டருக்குள்ளும் உடம்பின் சாய்வு 30 டிகிரிக்குள்ளும் இருக்க வேண்டும். அதைவிடக் கடினமான டெக்னிக்கல் தரத்துக்கு ஒரு மீட்டர், 20 டிகிரி.

எப்போது எடுப்பது? நூறு முறை இறங்கிய பிறகு எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். நூறு முறை கால் தொங்க நீந்தினால் அது பழக்கமாகிவிடும், பிறகு அதை அழிப்பதே தனி வேலை. காது சமன்செய்வதும் மாஸ்க் நீரை வெளியேற்றுவதும் பதற்றமில்லாமல் வரத் தொடங்கிய பிறகு, சீக்கிரமே எடுப்பது நல்லது.

முதல் வேலை: உடம்பு

மருத்துவக் கேள்வித்தாளை வகுப்புக்கு முதல் நாள் படகுத்துறையில் நின்றுகொண்டு நிரப்பாதீர்கள். ஒரு மாதம் முன்னாலேயே வாங்கிப் படியுங்கள். ஆஸ்துமா, இனிப்பு நீர், இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, காது அறுவை என்று ஏதாவது இருந்தால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். நம் குடும்பங்களில் இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் சகஜம் என்பதால், இல்லை என்று நினைப்பவர்களும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கேள்வித்தாளில் பொய் சொல்வதால் ஏமாறப் போவது பயிற்சியாளர் இல்லை.

புகைபிடிப்பவர்களை ஜி.யு.ஈ. சேர்ப்பதில்லை. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் நுரையீரலை நம்பித்தான் உங்கள் துணைவர் நீருக்குள் வருகிறார்.

அப்புறம் நீச்சல். 275 மீட்டரை நிற்காமல் 14 நிமிடத்துக்குள் நீந்துவதும், ஒரே மூச்சில் 15 மீட்டர் நீருக்கடியில் போவதும் நெடுநாளாக இந்த வகுப்பில் இருந்துவரும் தேர்வுகள். அளவுகளைத் திருத்துவது உண்டு, பதியும்போது பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றில் குதித்து வளர்ந்தவர்களுக்குத் தைரியம் இருக்கும். சீரான மூச்சோடு நீண்ட தூரம் நீந்தும் பழக்கம் இருக்காது. ஈப்போவுக்குப் போய்ப் பொது நீச்சல் குளத்தில் பழகுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். பேராக்கில் வெள்ளீயம் தோண்டிவிட்ட பழைய குட்டைகள் ஏராளம். தெளிந்த நீர், கூட்டம் இல்லை, காசு இல்லை என்று அங்கே பழகப் போகாதீர்கள். கரை சரேலென்று ஆழமாகும், அடியில் சேறு உள்வாங்கும். இரண்டாவது, மூச்சடக்கி நீந்துவதைத் தனியாக ஒருபோதும் பழகாதீர்கள். வேக வேகமாக மூச்சு வாங்கிவிட்டு உள்ளே போனால், மூச்சு முட்டும் உணர்வு வருவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்துபவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். கரையில் ஒருவர் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

இரண்டாவது: நீரில் நிற்பது

இந்தப் பயிற்சியின் உயிர் இங்கேதான். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நுரையீரலில் ஒரு லிட்டர் காற்று கூடினால் ஏறத்தாழ ஒரு கிலோ மிதப்பு கூடும். சாதாரணமாக மூச்சு விடும்போது இது ஏறி இறங்கிச் சமனாகிவிடும். ஆனால் ஒரு வேலையில் கவனம் போனவுடன் மூச்சு மாறுகிறது. மாஸ்கைக் கழற்றச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் தங்களை அறியாமல் ஆழ இழுத்து அப்படியே வைத்துக்கொள்வார்கள். உடம்பு மேலே போகத் தொடங்கும். அது தெரிய சில வினாடிகள் ஆகும். தெரிந்ததும் பி.சி.டி.யிலிருந்து (மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் காற்றுச் சட்டை) காற்றை வெளியேற்றுவார்கள், பயத்தில் மூச்சையும் விட்டுவிடுவார்கள். இப்போது கல் மாதிரி இறங்குவார்கள். தேர்வில் தவறுபவர்கள் மாஸ்க் கழற்றத் தெரியாமல் தவறுவது அரிது. மாஸ்க் கழற்றும்போது மூச்சு என்ன செய்கிறது என்று கவனிக்காமல்தான் தவறுகிறார்கள்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் நில்லுங்கள். இரண்டு மூன்று மூச்சு சீராக விட்டு, ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை என்று உறுதியான பிறகு கையை அசையுங்கள். செயலின் ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஒரு முழு மூச்சு விடுங்கள். ரெகுலேட்டர் வாயில் இல்லாத நேரத்தில் சிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருங்கள். மூச்சை அடக்கியபடி மேலே வருவது நுரையீரலைக் கிழித்துவிடக்கூடியது. முதல் வகுப்பில் சொன்ன இந்த விதி எந்த உயர்ந்த வகுப்பிலும் மாறாது. அவசரம் வேண்டாம், யாரும் உங்களுக்குக் கடிகாரம் பிடிக்கவில்லை.

பால் மரம் வெட்டும் கையை நம்மில் பலர் பார்த்திருப்போம். பட்டையை மட்டும் சீவி மரத்தைக் காயப்படுத்தாமல் விடும் அந்தக் கைக்கணக்கு, தினமும் வெட்டி வெட்டித்தான் வருகிறது. நீரில் நிற்பதும் அப்படித்தான். யாராலும் பேசிப் புரியவைக்க முடியாது.

அடுத்தது எடை, அதாவது மூழ்குவதற்காகக் கட்டிக்கொள்ளும் ஈயம். புதியவர்கள் பெரும்பாலும் அதிக ஈயத்தோடு இறங்குகிறார்கள். அதிக ஈயம் கட்டினால் பி.சி.டி.யில் அதிகக் காற்று வேண்டும். அந்தக் காற்று ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் விரிந்து சுருங்கி உங்களை ஆட்டும். நாம் வாடகைக்கு எடுக்கும் 11.1 லிட்டர் அலுமினிய டேங்கில் 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) காற்று இருந்தால், அந்தக் காற்றின் எடை மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல். காற்று தீரத் தீர டேங்க் மிதக்கத் தொடங்கும். ஆகவே எடையைச் சரிபார்க்க வேண்டியது தொடக்கத்தில் இல்லை, முடிவில். 50 பாருக்கு அருகில் வந்ததும், ஐந்து மீட்டர் ஆழத்தில் பி.சி.டி.யைக் காலி செய்துவிட்டு நின்று பாருங்கள். மூழ்கினால் ஈயம் அதிகம், நிற்க முடியாமல் மேலே போனால் குறைவு. பெர்ஹெந்தியான் போன்ற வெதுவெதுப்பான கடலில் 3 மில்லிமீட்டர் உடை போதும், அதற்கு மலை போல ஈயம் தேவையில்லை. குளத்து நீரில் சரியாக இருந்த எடை கடலில் போதாது என்பதும் நினைவிருக்கட்டும். உப்புநீர் கூடுதலாகத் தூக்கும்.

மூன்றாவது: வீட்டிலும் குளத்திலும் பழகுவது

வீட்டில் உயரம் குறைந்த பெஞ்சு ஒன்றில் குப்புறப் படுங்கள். தொடை பெஞ்சுக்கு நேராக, முழங்கால் மடங்கி, பாதம் கூரையைப் பார்த்தபடி, தலை நிமிர்ந்து, கை முன்னால் நீண்டு இருக்கட்டும். யாரையாவது கைப்பேசியில் பக்கவாட்டில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முதுகும் பின்தொடையும் இறுகினால்தான் இந்த நிலை நிற்கும். தினமும் சில நிமிடங்கள் இப்படிக் கிடந்தால், நீரில் அது தானாக வரும்.

இதே நிலையில் தவளை உதையையும் பழகலாம். பாதங்களை வெளிப்புறம் திருப்பி, விரித்து, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று நோக்கச் சேர்த்து, பிறகு சற்று வழுக்கிப் போக விட வேண்டும். உதைக்கும் நீர் பின்னால் போகும், கீழே போகாது; பவளமும் மணலும் பிழைக்கும். இருந்த இடத்திலேயே திரும்புவதற்கு ஒரு கால் முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் வேலை செய்யும். பின்னோக்கி நீந்துவதுதான் எல்லாருக்கும் கடைசியில் வருவது. கால்களை நீட்டி, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸின் ஓரத்தால் நீரை வெளிப்புறமாக வாரி உங்கள் பக்கம் இழுக்க வேண்டும். வகுப்புக்கு முன் இது முழுமையாக வராவிட்டால் பரவாயில்லை.

குளத்தில் நெஞ்சளவு நீரில் நின்று, மாஸ்க் இல்லாமல் ஸ்நார்கெல் மட்டும் வைத்து முகத்தை நீரில் அமிழ்த்துங்கள். மூக்கில் நீர் படும்போது வாயால் மட்டும் மூச்சு விடுவதை மூளை ஏற்க நேரம் எடுக்கும். முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். பிறகு அப்படியே மெதுவாக நடங்கள். இவ்வளவு எளிய ஒன்று மாஸ்க் பயத்தைப் பாதிக்கு மேல் தீர்த்துவிடும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் மாஸ்க் கழற்றும் பயிற்சிக்கு என்ன செய்வது என்பதை முன்னரே பயிற்சியாளரிடம் பேசிக்கொள்ளுங்கள்.

மேற்பரப்பு மிதவையை (நாம் இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்ட மேலே அனுப்பும் காற்றடைத்த குழல்) நூல் சுருளோடு விடுவதை வீட்டு வாசலில் நின்றபடியே ஒத்திகை பாருங்கள். எந்தக் கை சுருளைப் பிடிக்கும், எந்தக் கை காற்று ஊதும், நூல் எங்கே சிக்கும் என்பதெல்லாம் தரையிலேயே தெரிந்துவிடும்.

நான்காவது: காற்றுக் கணக்கு

கணக்கு என்றதும் பயப்படாதீர்கள், பெருக்கல் தெரிந்தால் போதும். கடல்மட்டத்தில் அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் 1 பார் கூடும். 18 மீட்டரில் 2.8 பார். உங்கள் துணைவரின் காற்று திடீரென்று தீர்ந்து, இருவரும் உங்கள் டேங்கிலிருந்தே மூச்சு விட்டு மேலே வர எவ்வளவு காற்று வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஆளுக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்தால் இருவருக்கு 40. கீழே நிலைமையைச் சமாளிக்க ஒரு நிமிடம்: 40 பெருக்கல் 2.8, அதாவது 112 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலே வர இரண்டு நிமிடம். சராசரி ஆழம் 9 மீட்டர், அழுத்தம் 1.9 பார், ஆக 152 லிட்டர். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க 180 லிட்டர். மொத்தம் 444. அதை 11.1 லிட்டர் டேங்கால் வகுத்தால் 40 பார். மானியில் பிழை இருக்கலாம், பதற்றத்தில் மூச்சு கூடலாம். ஆகவே 50 என்று வையுங்கள். டேங்கில் அவ்வளவு மிஞ்சும்போது நீங்கள் மேலே கிளம்பியிருக்க வேண்டும். "50 பாரில் படகில் இரு" என்று பலர் சொல்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும். 30 மீட்டருக்கு இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். எண் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தால், ஆழத்துக்கு ஏன் அவசரப்பட வேண்டாம் என்கிறேன் என்பது புரியும்.

ஐந்தாவது: சாமான்

முதுகுத் தட்டு, அதோடு சேர்ந்த காற்றுப்பை, ஒரே நாடாவால் ஆன தோள் வார், கால் நடுவே வரும் வார், ஏறத்தாழ 2.1 மீட்டர் நீளக் குழாயுள்ள முதன்மை ரெகுலேட்டர், கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டர், பிளவில்லாத உறுதியான ஃபின்ஸ். இதுதான் அடிப்படை. எல்லாவற்றையும் வாங்கித்தான் சேர வேண்டும் என்பதில்லை; வாடகைக்குக் கிடைக்குமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். பணம் செலவழிப்பதானால் முதலில் உங்கள் முகத்துக்குச் சரியாகப் பொருந்தும் மாஸ்கும் ஃபின்ஸும் வாங்குங்கள். கல்யாணத்துக்கு நகை எடுப்பதைப் போல ஒரே நாளில் எல்லாவற்றையும் வாங்க வேண்டாம்.

ஜி.யு.ஈ. வகுப்புக்கான செலவோ பயிற்சியாளரோ கைக்கு எட்டாவிட்டால், பாடி (PADI) என்னும் பயிற்சி அமைப்பின் பீக் பெர்ஃபார்மன்ஸ் பாயன்சி போன்ற மிதப்புப் பயிற்சியிலிருந்து தொடங்கலாம். அவ்வளவு கறார் இல்லை. ஆனால் நல்ல பயிற்சியாளரிடம் "நடுநீரில் நின்று செய்ய வேண்டும், வீடியோ எடுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு செய்வார்.

வீட்டில் பேசுவது

"உனக்குத் தண்ணியில கண்டம்னு ஜாதகத்துல இருக்கு" என்று அம்மாவோ பாட்டியோ சொன்னால் சண்டை போடாதீர்கள். அந்தப் பயம் அன்பிலிருந்து வருவது. எந்தத் தீவு, எந்த நாள், யாரோடு, எப்போது கரை திரும்புவேன் என்று எழுதிக் கொடுங்கள். காப்புறுதி எண்ணும் தங்குமிடத்தின் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். குளத்தில் நீங்கள் பழகுவதை ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள். பார்த்த பிறகு பயம் குறைந்த தாய்மார்கள் உண்டு.

பயணம்

கிழக்குக் கரைத் தீவுகளின் பருவம் ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை. நவம்பரிலிருந்து வடகிழக்குப் பருவமழை. கடல் கொந்தளிக்கும், தங்குமிடங்கள் பலவும் மூடிவிடும். தீபாவளி விடுமுறையில் போகலாம் என்று திட்டமிட்டால் பருவத்தின் ஓரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பள்ளி விடுமுறைக் கூட்டம் இல்லாத வாரமாகப் பார்த்துப் பதியுங்கள்.

சுங்கை சிப்புட்டிலிருந்து பெர்ஹெந்தியானுக்குப் போக, கோலகங்சார், கிரிக், அங்கிருந்து கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் ஜெலி, பிறகு கோல பெசுட் படகுத்துறை. கிரிக்கிலேயே எண்ணெய் நிரப்பிக்கொள்ளுங்கள். யானைகள் சாலையைக் கடக்கும் பாதை அது. பகலில் கடப்பதே நல்லது.

திரும்பும்போதுதான் உண்மையான கவனம் வேண்டும். முக்குளித்த பிறகு விமானம் ஏறக் காத்திருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். மலை ஏறுவதும் அதே கதைதான் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அந்த நெடுஞ்சாலை தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்கும் இடத்தில் உயரம் ஆயிரம் மீட்டரை ஒட்டி இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாக மாறும் ஆபத்து கூடும். பல நாள்கள் தொடர்ந்து முக்குளித்தவர்கள் 600 மீட்டருக்கு மேல் போக, குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முக்குளிப்பாளர் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பின் வழிகாட்டல். ஆகவே கடைசி முக்குளிப்பை முடித்த அன்றே காரை எடுக்காதீர்கள். ஓர் இரவு கூடத் தங்குங்கள். விடுப்பு கேட்கும்போதே அந்த நாளையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூட்டு வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், காரணமில்லாத பெரும் சோர்வு எது வந்தாலும் "களைப்புதான்" என்று தூங்கப் போகாமல் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள், ஆக்சிஜன் கேளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு வந்தாலும் மருத்துவமனையில் முக்குளித்ததை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இதற்கான அழுத்த அறைச் சிகிச்சை நம் மாநிலத்திலேயே லூமுட் இராணுவ மருத்துவமனையில் இருக்கிறது.

வகுப்பிலும் அதன் பிறகும்

முதல் நாள் எல்லாம் கலைந்துபோகும். குளத்தில் நன்றாக வந்தது, புதிய சாமானோடும் மூன்று பேர் குழுவோடும் வராது. அது வழக்கம். பயிற்சியாளர் ஒரு திருத்தம் சொன்னால் அதை மட்டும் அடுத்த முறை செய்யுங்கள். இரவு நன்றாகத் தூங்குங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

தேறாமல் போவது இந்த வகுப்பில் அவமானம் இல்லை. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிவுக்குக் காத்திருந்த பழக்கத்தில் நாம் எல்லா மதிப்பீட்டையும் ஊருக்குச் சொல்ல வேண்டிய முடிவாக எடுத்துக்கொள்கிறோம். இங்கே "தற்காலிகம்" என்று ஒரு நிலை உண்டு. ஆறு மாதத்துக்குள் பழகிவிட்டு வந்து, குறைந்த பகுதியை மட்டும் திரும்பச் செய்துகாட்டலாம். எதில் குறை என்று பயிற்சியாளர் சொன்னதை அன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; வீடியோவின் பிரதி கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

வகுப்புக்குப் பிறகு எந்தக் கடலுக்குப் போனாலும், மீன் பார்த்து முடித்து ஐந்து மீட்டரில் நிற்கும் நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். ஒருநாள் மாஸ்க், ஒருநாள் நீளக் குழாய், ஒருநாள் மிதவை. இறங்கும் முன்பே துணைவரிடம் சொல்லிவிடுங்கள், அவர் உங்கள் ஆழத்தைப் பார்த்துக்கொள்வார். அடுத்த முறை நீங்கள் அவருக்குப் பாருங்கள்.